ஏழாம் குழியின் சாம்பல் மண்

போன மாதம் என் பழைய துறையிலிருந்து ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். திருத்தணி வட்டாரத்தில் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் மண்ணின் பெயர், ஆழம், நீர் வடியும் தன்மை எல்லாம் திரையில் வந்துவிடுகிறதாம். செயற்கைக்கோள் படம், மழைக் கணக்கு, நிலத்தின் சரிவு மூன்றையும் சேர்த்து அதுவே சொல்லிவிடுகிறது. சரிபார்க்க எத்தனை குழி வெட்டினால் போதும் அக்கா என்று கேட்டாள். ஒரு நாள் டைம் கேட்டேன். அது ஒரு மாதமாகிவிட்டது. போனில் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு ஆகவில்லை. முப்பத்தாறுதான். மண் ஆய்வுத் திட்டம் ஒன்றில் பதினோரு வருடம் ஒப்பந்த வேலை பார்த்தேன். திட்டத்தை மூடினார்கள், வந்துவிட்டேன். வேறு மண் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. படிப்பும் பயிற்சியும் எல்லோருக்கும் நடந்த மாதிரிதான் நடந்தது. கல்லூரியில் ஆறு வருடம், பிறகு இரண்டு வருடம் பெரியவர்கள் வெட்டிய குழிக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன். தனியாகக் குழிக்குள் இறங்கியது திருத்தணியில்தான்.

அங்கே நாங்கள் மூன்று பேர். மலைக்கோயில் படி தெரிகிற தெருவில் ஒரு மாடி அறை எங்கள் அலுவலகம். மேலதிகாரி வசந்தா மேடம். குழி வெட்ட கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த முனிரத்தினம். நான்.

ஒரு மண்ணுக்குப் பெயர் வைக்கும் முன் காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. மழை, வெப்பக் கணக்கு ஒரு கட்டு. நிலம் எப்படிக் கிடக்கிறது என்பது இன்னொரு கட்டு: மலை, மலையடி, சரிவு, ஏரி. அதன் பிறகு பழைய வரைபடங்கள். மழைக் கட்டை நான் இன்றும் சந்தேகத்தோடுதான் புரட்டுவேன். அந்தப் பக்கத்து மழை ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று புயலோடு கொட்டி முடிந்துவிடும். காகிதத்திலோ மாதச் சராசரியாக ஒரே ஓர் எண் இருக்கும். மூன்று நாளில் கொட்டியதை முப்பது நாளுக்குப் பங்கு போட்டால் எந்த மழையும் சாதுவாகத்தான் தெரியும்.

மலையடியிலிருந்து ஏரி வரை ஒரு கோடு போட்டு, அதன் மேல் குழிகளைக் குறித்தோம். ஆள் இறங்கி நிற்கும் அகலம், கழுத்தளவு ஆழம். வெயில் படுகிற சுவரைக் கத்தி நுனியால் கொத்தி, புதிய முகம் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். பிறகு நிறம் எங்கே மாறுகிறது, கல் எங்கே தொடங்குகிறது, வேர் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு அடுக்காக எழுத வேண்டும். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, நிற அட்டைப் புத்தகத்தின் ஓட்டைக்குப் பின்னால் வைத்து நிறம் பார்ப்போம். பிறகு கட்டைவிரலால் தள்ளி ரிப்பனாக இழுப்போம். ரிப்பன் நீண்டால் களிமண் அதிகம். முதல் நாள் முனிரத்தினம் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "இன்னா மேடம், மாவு பெசஞ்சிக்கினு கீறீங்க, பூரி சுடப் போறீங்களா?" என்று கேட்டார்.

இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. நாலடிக்குக் கீழே போனால் குழியின் ஒரு பக்கத்தைப் படிக்கட்டாக வெட்ட வேண்டும். சுவர் சரிந்தால் ஏறி ஓட அந்தப் படி. அதை வெட்டக் கூடுதலாக அரை நாள் ஆகும்.

வசந்தா மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. முனிரத்தினத்தைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குழிக்குள் இறங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார். நம் குறிப்பைப் பார்க்காமலே சுவரைப் பார்த்து, கீழிருந்து மேலாக வாசிக்கச் சொல்வார். தப்பாக வாசித்தால் திட்ட மாட்டார். "இன்னொரு வாட்டி பாருங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பயந்த மாதிரி என் அப்பாவின் கோபத்துக்குப் பயந்ததில்லை. வரைபட மேசையில் அவரிடம் ஒரு ஷேவிங் பிரஷ் இருந்தது. ரப்பரால் அழித்த பிறகு, அந்தத் துகளைத் தாளில் தடம் தெரியாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுவார்.

ஏழாவது குழி பொதட்டூர்பேட்டை சாலையை ஒட்டிய ஒரு புறம்போக்கில் வந்தது. சித்திரை மாதம். மேலே நல்ல செம்மண், மலைச் சரளை கலந்தது. கடப்பாறை மூன்றடி வரை சரசரவென்று இறங்கியது. பிறகு சத்தம் மாறியது. முனிரத்தினம் கடப்பாறையை உருவினார். நுனியில் சாம்பல் நிறக் களி அப்பிக்கொண்டு வந்தது. கை வைத்தால் ஈரம். சுற்றிலும் அத்தனை நிலமும் வெயிலில் வெடித்துக் கிடந்தபோது இது மட்டும் ஈரமாக இருந்தது.

"ஏரிங்க இது. மலை மண்ணு வந்து மேல மூடிக்கினு கீது" என்றார்.

சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் தெரிந்தன. வருடத்தில் பல மாதம் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கிற மண்ணில்தான் அந்தப் புள்ளி வரும். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மறுநாள் மேடம் வரப்போகிறார், அதற்குள் அடி தெரிய வேண்டும். படி வெட்டாமலே ஐந்தடிக்கு இறக்கினோம். நான் உள்ளே குந்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

சுவர் சரிந்தபோது சத்தமே வரவில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. முதுகுப் பக்கத்துக் களி ஒரு பலகை மாதிரி கழன்று என் மேல் சாய்ந்தது. இரண்டு முழங்காலும் உள்ளே போய்விட்டன. இழுத்தால் வரவில்லை. மேலே இருந்த செம்மண் பொலபொலவென்று தோளில் விழ ஆரம்பித்தது. முனிரத்தினம் படுத்துக்கொண்டு என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார். ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

அன்று மாலை களப் புத்தகத்தில் நான் எழுதியது: மூன்றடிக்குக் கீழ் சாம்பல் களி, துருப் புள்ளி, ஈரம். சுவர் சரிந்தது என்று எழுதவில்லை. எழுதினால் படி ஏன் வெட்டவில்லை என்ற கேள்வி வரும். முனிரத்தினத்திடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என் ஒற்றை ஷூவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குழியை அன்றே மூடிவிட்டோம். மேடம் மறுநாள் எட்டாவது குழிக்குத்தான் வந்தார்.

வரைபடம் போடும் நாளில் என் குறிப்பை மேடம் இரண்டு தடவை படித்தார். சுற்றியுள்ள குழிகள் எல்லாம் ஆழமான செம்மண், நீர் நன்றாக வடியும். ஏழாவது மட்டும் வேறு. நாங்கள் போட்ட அளவில் அந்தச் சாம்பல் திட்டு பென்சில் முனையைவிடச் சின்னதாக வரும். அப்படிப்பட்டவற்றைப் பெரிய மண்ணுக்குள் கலப்பு என்று விட்டுவிடலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி.

"சின்னதை எல்லாம் காட்டினா மேப் அம்மை போட்ட மாதிரி ஆயிடும். இதுல வேற ஏதாவது விசேஷம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை மேடம் என்றேன். நானே ரப்பரை எடுத்து அழித்தேன். அவர் பிரஷ்ஷால் தட்டிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு நிலங்களில் வேலை. ஐப்பசி தொடக்கத்தில் ஒரு நாள் பொதட்டூர்பேட்டை வழியாகத் திரும்பினேன். பஸ் ஜன்னலிலிருந்து அந்தப் புறம்போக்கில் மூன்று வரிசை வீடுகள் தெரிந்தன. நெசவாளர்களுக்கான புதிய காலனி என்று கண்டக்டர் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். சாலையோரச் சிறு பாலத்திலிருந்து நூற்றுப்பத்து அடி, இரட்டைப் பனையிலிருந்து வடக்கே அறுபது அடி. களப் புத்தகத்தில் ஏழாவது குழிக்கு நான் எழுதியிருந்த அடையாளம் அது. அந்த இடத்தில் மூன்றாவது வரிசையின் நடு வீடு இருந்தது.

அது தேவராஜ் என்பவரின் வீடு. மனைவி பெயர் தனலட்சுமி. தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். முன் அறையில் குழித்தறி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். குழி சுவரை ஒட்டி, தொடை ஆழம். அவர் காலுக்குப் பின்னால் குழியின் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம்.

மூன்றடியில் இருந்த களி எப்படி மேலே வந்தது என்று முதலில் புரியவில்லை. பிறகு தெரிந்தது. வீடு கட்டும்போது மேட்டைச் சீவி நிலத்தைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மேலிருந்த செம்மண் போய்விட்டது. வீட்டின் அஸ்திவாரமே களியின் மேல் நின்றது. களி ஈரம் குடித்தால் உப்பும், இளகும். அதன் ஓரத்தில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மனிதனின் இரண்டு கால்கள், பக்கத்தில் ஒரு செங்கல் சுவர். இதே களிதான் என் ஷூவை வைத்துக்கொண்டது. தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா பலமான மண்ணுங்க. வெட்டறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிபோச்சி" என்று தேவராஜ் பெருமையாகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்று செய்தி வந்தது. மறுநாள் காலை மேடத்திடம் முதலில் இடத்தைச் சொன்னேன். அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்து, விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு சரிந்த சுவரைச் சொன்னேன். படி வெட்டாததைச் சொன்னேன். ஷூவைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார், குழியில் இறங்கப்போகிற மாதிரி.

"இது உங்க புக்ல இருந்திருந்தா நான் அழிக்க விட்டிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு, மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வந்து, ஆள் வருவதற்குள் மழை வந்துவிடும் என்றார். "அவங்ககிட்ட நீங்க போய்ச் சொல்லலாம். யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க."

மதியம் முனிரத்தினத்தையும், மண்ணைத் துளைத்து எடுக்கும் நீண்ட ஆகரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். முன் இரண்டு வரிசைகளில் அங்கங்கே துளைத்ததில் செம்மண் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு துளை. மொத்தம் பதினைந்து வீடு. ஐந்தாவது வீட்டிலிருந்து பதினோராவது வரை ஆகர் சாம்பலாக வந்தது. பன்னிரண்டாவதில் செம்மண். கெணறு போடறீங்களா, எங்களுக்கும் ஒரு பைப்பு இழுத்து விடுங்க என்று பின்கட்டில் பெண்கள் கேலி பேசினார்கள். வானம் அப்போதே ஈயம் மாதிரி இருந்தது. துளைக்கிற ஒவ்வொரு முறையும் செம்மண் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏழு முறை வரவில்லை.

தேவராஜ் தறியில் இருந்தார். தறியில் பாவு நூல் ஏற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. தறியை விட்டு எழுந்து, குடும்பத்தோடு மழை முடியும் வரை பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போகச் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. மழைக்காலத்தில் நூல் பதமாக இருக்கும், இப்போதுதான் நன்றாக ஓடும் என்றார். நான் குழி, களி, சுவர் என்று வரிசையாக விளக்கினேன்.

"இந்த எடம் நல்ல எடம்னு எழுதிக் கொடுத்துதானே மனை குடுத்தாங்க. யாரு எழுதினது?"

"நாங்கதாண்ணா. எங்க மேடமும் நானும். தப்பு என்னோடது."

தறி நின்றது. அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கணக்குக் கேட்கிறவர் மாதிரியான பார்வை.

"அன்னிக்கு நீ சொன்னது தப்பு. சரி. இன்னிக்கு நீ சொல்றத மட்டும் நான் எப்பிடிம்மா நம்பறது?"

பையில் நிற அட்டைப் புத்தகம், கத்தி, தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன. அவற்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அவர் மறுபடியும் காலைக் குழிக்குள் சரிசெய்துகொண்டார்.

சமையல் பக்கத்திலிருந்து தனலட்சுமி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தறிக்குப் பின்னால் போய் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினார். அடியில் சாணமும் சிமெண்டும் பூசிய ஒரு கோடு, என் தோள் உயரத்திலிருந்து தரை வரை. பூச்சும் வெடித்திருந்தது. அவர் விரலை உள்ளே விட்டார். இரண்டாவது கணு வரை போயிற்று.

"ஆடியிலருந்து பூசிக்கினு கீறேன், பாவா. போன மழைக்கே வந்துச்சி. சொன்னா வீட்டைப் புடிங்கிக்குவாங்கன்னு சொல்லல."

கணவரை அவர் கூப்பிடுவது பாவா என்றுதான். தேவராஜ் விரிசலைப் பார்த்தார். குழியிலிருந்து காலை ஒவ்வொன்றாக எடுத்தார். தொடை வரை உள்ளே இருந்து பழகிய கால்கள், எழுந்ததும் கொஞ்சம் தள்ளாடின.

ஐந்திலிருந்து பதினொன்று வரை ஏழு வீடு கிளம்பினால் போதும் என்று சொன்னேன். பன்னிரண்டாவது வீட்டு அம்மாவிடம், உங்களுக்குக் கவலை இல்லை, உங்கள் பின்கட்டில் செம்மண் என்றேன். என் வாயால் சொன்னேன். தனலட்சுமி பாயைச் சுருட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ இம்மாந்தூரம் சொன்னதே போதும்மா, கோடு வேற போட்டுக்கினு நிக்காத" என்றார். பிறகு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒருத்தரும் இருக்க வேணாம், அல்லாரும் கெளம்புங்க" என்று சொன்னார். பதினைந்து வீடும் கிளம்பின. பாவு நூலை வெட்டாமல் சுருட்டி எடுக்க நேரம் இருந்தவர்கள் எடுத்தார்கள். தேவராஜ் எடுக்கவில்லை.

இரண்டு நாள் மழை நிற்கவில்லை. நான் திருத்தணி அறையில் இருந்தேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். யாராவது துணி எடுக்கத் திரும்பிப் போயிருப்பார்களோ, நெய்தது நனையுமே என்று தேவராஜ் போயிருப்பாரோ என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயராக நினைத்தேன். மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் மேடமும் நானும் போனோம்.

மூன்று வீடுகளில் சுவர் உட்கார்ந்திருந்தது. இரண்டு வீடு நான் குறித்த ஏழில் இருந்தன. மூன்றாவதாக விழுந்தது அந்தப் பன்னிரண்டாவது வீடு. பின்கட்டில் செம்மண்தான். முன் அறையில், தறிக்குழி இருந்த மூலையில், சாம்பல் களி ஒரு நாக்கு மாதிரி நீண்டு உள்ளே வந்திருந்தது. என் துளைக்கு எட்டடி தள்ளி. சுவர் முழுதாகக் குழிக்குள் கிடந்தது. மிதிகட்டை தெரியவில்லை. அந்த வீட்டு அம்மா என் பக்கத்தில் நின்றார். மேடம் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஆட்டோ பக்கம் போனார்.

தேவராஜ் வீடு நின்றுகொண்டிருந்தது. விரிசலில் இப்போது கை போகும். குழியில் விளிம்பு வரை தண்ணீர்.

நான் எழுதிய அறிக்கையில் சரிந்த குழி, வெட்டாத படி, அழித்த பென்சில் கோடு மூன்றும் இருந்தன. மேடம் ஒரு வரியும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். தை பிறந்ததும் சாலைக்கு அந்தப் பக்கம், மலைக்குக் கொஞ்சம் கிட்டே, புது இடம் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டின் தறிக்குழி வரப்போகிற இடத்திலும் ஆகர் போட்டேன். எல்லாத் துளையிலும் ஆறடி வரை செம்மண்ணும் சரளையும். தேவராஜ் கூடவே நடந்து வந்தார்.

"இது சரியாம்மா?"

"நான் பார்த்த எடத்துல சரிதாண்ணா."

"பாக்காத எடத்துல?"

இந்தத் தடவை அவர் நம்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. நான் எங்கே கை காட்டினாலும் அங்கே காலை விடத் தயாராகப் பதினைந்து வீட்டு ஆட்கள் நின்றார்கள். தனலட்சுமி முனிரத்தினத்திடமிருந்து ஆகரை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"அப்ப அந்த எடத்தையும் பாத்துடு" என்றார்.

பார்த்தேன். இரண்டு துளைக்கு நடுவில் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று. முனிரத்தினம் கை மாற்றிக் கொடுத்தார், தேவராஜ் கொடுத்தார், பன்னிரண்டாவது வீட்டு அம்மாகூட வந்து கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். வெளிச்சம் இருந்த வரை எடுத்ததெல்லாம் செம்மண்தான். கடைசித் துளையை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, அதற்கும் அதற்கு முந்தியதற்கும் நடுவே, ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் அளவுக்கு மண் துளைபடாமல் இருந்தது.